வேலியும் பொட்டும்

அமெரிக்கக் கோழிப்பொரியல் கடை ஒன்றைப் பெரும்பாலான நாடுகளில் கே.எஃப்.சி. என்ற மூன்று எழுத்துகளால் அறிவார்கள். பாரிஸிலும் அதுதான், கொழும்பிலும் அதுதான். கியூபெக்கில் மட்டும் அது பி.எஃப்.கே. பிரெஞ்சில் 'பூலே ஃப்றி கென்ரக்கி' என்று விரியும். தெருமுனைச் சிவப்புப் பலகையில் பிரான்ஸ் தேசத்தில் 'ஸ்ரொப்' என்று எழுதியிருப்பார்கள். எங்கள் தெருவில் 'அறே' என்றிருக்கும். பாரிஸ்காரர்கள் கூச்சமில்லாமல் 'வீக்கென்ட்' என்கிறார்கள்; இங்கே அதற்கும் ஒரு பிரெஞ்சுத் தொடர் உண்டு. மின்னஞ்சலுக்கு 'கூறியேல்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது கியூபெக். 2003இல் பிரான்ஸ் அரசு அதை இங்கிருந்து எடுத்துக்கொண்டது.

லாச்சப்பலில் இருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனனுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. "உங்கட ஆக்கள் பிரெஞ்சுக்காரனைவிடப் பெரிய பிரெஞ்சுக்காரராய்க் கிடக்கு, அத்தான்" என்றான். அது பகிடியில்லை, பயம் என்று சொன்னேன். ஏறத்தாழ 90 இலட்சம் பேர் வாழும் மாகாணம். சுற்றிவர முப்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆங்கிலம் பேசுகிறார்கள். வானொலி, சினிமா, பணம், கணினி எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. பாரிஸில் இருப்பவனுக்கு 'வீக்கென்ட்' ஒரு நாகரிகச் சொல். மொன்றியலில் இருப்பவருக்கு அது வீட்டுக்குள் வந்த வெள்ளத்தின் முதல் சாண்.

உலகமயமாதலைப் பற்றிப் பேசும்போது நாங்கள் மழை வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறோம். அது வந்துவிட்டது, நாம் என்ன செய்யலாம், காலம் அப்படி. முப்பத்தேழு வருடம் இந்த மாகாணத்தில் இருந்து பார்த்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சமூகம் உண்மையாகவே நினைத்தால் உலகச் சந்தையை வாசலில் மறித்து, செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று சொல்லலாம். கியூபெக் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லா வாசலிலும் சொல்லவில்லை. எந்த வாசலில் மறித்தது, எதைத் திறந்து விட்டது என்பதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன். அந்த இரண்டு வாசல்களிலும் நான் நின்றிருக்கிறேன்.

*

1960களில் மொன்றியலில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர்; முதலாளிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர். நடுவண் அரசு அமைத்த இருமொழி, இருபண்பாட்டு ஆணைக்குழு, கியூபெக்கில் ஆண்களின் சராசரி வருமானத்தை வம்சாவளி வாரியாகப் பார்த்தது. பதினான்கு பிரிவுகளில் பிரெஞ்சு வம்சாவளியினர் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தார்கள். சொந்த ஊரில், சொந்தப் பெரும்பான்மைக்குள். குடிவந்தவர்கள் எது பலமுள்ள மொழி என்று பார்த்துப் பெரும்பாலும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். இப்படியே போனால் இரண்டு மூன்று தலைமுறையில் பிரெஞ்சு கிழவர்களின் மொழியாகிவிடும் என்ற எண்ணம் எழுந்தது.

1977 ஓகஸ்ட் 26இல் ரெனே லெவெக்கின் அரசு 101ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. முன்னின்று எழுதியவர் கமில் லொறான், தொழிலால் மனநல மருத்துவர். கடைப்பலகை பிரெஞ்சில். பெரிய நிறுவனங்களில் வேலை மொழி பிரெஞ்சு. குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி. சில பெரிய நிறுவனங்கள் ரொறொன்ரோவுக்குப் பெயர்ந்தன. சட்டம் பெயரவில்லை. இன்று குடிவந்தோரின் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிரெஞ்சில் படிக்கிறார்கள். சந்தையிடம் விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

நான் 1988 இலையுதிர் காலத்தில் வந்திறங்கினேன். அந்த டிசம்பரில் கடைப்பலகையில் பிரெஞ்சு மட்டும்தான் என்ற விதி செல்லாது என்று கனடா உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சில நாட்களுக்குள் மாகாண அரசு, அரசியலமைப்பில் உள்ள விதிவிலக்குப் பிரிவைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பலகைக்கு அந்த விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. குடிவந்தோருக்கான பிரெஞ்சு வகுப்பில் இருந்து நான் புரிந்துகொண்ட முதல் செய்தி அதுதான். புரிந்ததும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

ஒரே அரச கரும மொழி. இந்தச் சொற்களை நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீடு கேட்டிருந்தது. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த வருடம் நான் பிறந்தேன். அப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். ஆங்கிலத்தில் கோவை எழுதிப் பழகியவர். சிங்களப் பரீட்சை எழுதினால்தான் சம்பள உயர்வு என்றானது. புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்திருந்தார், திறக்கவில்லை. முற்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து தோட்டம் செய்தார். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும்போதும் ஆங்கிலத்தில்தான் கணக்கெழுதுவார். மொழிச் சட்டம் ஒரு மனிதரை எப்படி மெதுவாக வீட்டுக்கு அனுப்பும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஆகவே வகுப்பில் ஆசிரியை 101ஆம் சட்டத்தை ஒரு விடுதலைக் கதையாகச் சொன்னபோது, நான் கொப்பியில் எழுதிக்கொண்டே அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பாட்டியார் மொன்றியல் நடுநகரக் கடையொன்றில் துணி கேட்டபோது ஆங்கிலத்தில் கேட்கும்படி சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் மாறியது. என் அப்பாவும் அவருடைய பாட்டியும் ஒரே கவுண்டரில் நின்றவர்கள். ஆனால் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது ஒரு மொழிச் சட்டம். மற்றவரின் பேத்தியை ஆசிரியை ஆக்கியது இன்னொரு மொழிச் சட்டம்.

இதை எனக்கு விளங்கவைத்தது யாழ்ப்பாணத்து வேலிதான். கிளுவையோ பூவரசோ கதிகாலாக நட்டு, கிடுகால் அடைத்த வேலி அங்கே மானப் பிரச்சினை. கதிகாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் கோட்டுக்குப் போய், வழக்குச் செலவுக்கு அந்தக் காணியையே விற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே வேலியில் ஒரு பொட்டு இருக்கும். இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன், இது நெற்றிப் பொட்டு அல்ல. அடுத்த வளவுக்குக் குனிந்து போய்வர விட்ட சின்ன இடைவெளி. கறி கொடுக்க, உப்பு வாங்க, ஆமிக்காரன் வந்தால் ஓட, எல்லாம் அந்தப் பொட்டால்தான். பொட்டை அடைத்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வேலி வேண்டாம் என்று அங்கே எவரும் சொன்னதில்லை.

1956இன் சட்டம், பலமுள்ளவர் எங்கள் வளவுக்குள் வந்து போட்ட வேலி, பொட்டும் விடவில்லை. 101ஆம் சட்டம், ஒரு பெரிய வளவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வளவுக்காரர் தன் எல்லையில் போட்ட வேலி. ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் இருந்தன, ஆங்கில ஆஸ்பத்திரிகள் இருந்தன, பெற்றோர் கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருந்தால் பிள்ளைக்கும் ஆங்கிலப் பள்ளி இருந்தது. பொட்டு விட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பொட்டால் போக உரிமை இல்லை என்பது வேறு கதை. ஆனாலும் வேலியின் நியாயம் எனக்குப் பிடிபட்டது. இரவு வேலை முடித்து வந்து வினைச்சொற்களைப் பாடமாக்கினேன்.

*

வேலை ஷபனேல் தெருவில். மொன்றியலின் வடக்கே, பெரிய பெரிய கட்டிடங்கள், ஒவ்வொரு மாடியிலும் ஒரு தையல் தொழிற்சாலை. அந்தக் காலத்தில் கனடாவின் ஆடைத் தொழிலில் பாதிக்கு மேல் கியூபெக்கில்தான் இருந்தது. நான் துணி வெட்டும் மேசையில். மனைவி ஓவர்லொக் மெஷினில், துண்டுக் கணக்கில். எங்கள் மாடியில் இத்தாலிக்காரி, கிரேக்கக்காரி, போர்த்துக்கல்காரி, ஹெயிட்டிக்காரி, வியற்நாம்காரி, தமிழர். முதலாளி ஆங்கிலத்தில் ஏசுவார். மேற்பார்வை செய்த கியூபெக் அம்மா அதைப் பிரெஞ்சில் மென்மையாக்கிச் சொல்வார். சுவரில் அறிவித்தல்கள் சட்டப்படி பிரெஞ்சில் தொங்கின. பின்னேரம் நான்கு மணிக்கு எல்லோருக்கும் முதுகு ஒரே மொழியில் நொந்தது.

1995 ஒக்ரோபர் 30இல் பிரிந்து போவதா இல்லையா என்று வாக்கெடுப்பு. நான் பிரஜையாகியிருந்தேன், வேண்டாம் என்றே போட்டேன். ஒரு நாடு உடைவதை ஒருமுறை பார்த்தவனுக்கு வேறு கை வராது. 50.58 சதவீதம் வேண்டாம், 49.42 சதவீதம் வேண்டும். வித்தியாசம் 54,288 வாக்குகள். அன்றிரவு தோல்வியை ஏற்றுப் பேசிய முதல்வர் ஜாக் பரிசோ, பணமும் இனக்குழு வாக்குகளும் தோற்கடித்துவிட்டன என்றார். அடுத்த நாள் காலை மேற்பார்வையாளர் அம்மா வழக்கமாகச் சொல்லும் 'போன்ஜூர்' சொல்லவில்லை. மத்தியானம் தான் கொண்டுவந்த அப்பிள் பையில் ஒரு துண்டை என் மனைவியின் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டு அடைபடாமல் இருக்க இரண்டு பக்கமும் இப்படி ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

2001 ஏப்ரலில் கியூபெக் நகரத்தில் அமெரிக்கக் கண்டத்து 34 நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். அலாஸ்காவிலிருந்து அர்ஜென்ரீனா வரைக்கும் ஒரே சந்தை என்பது திட்டம். வேலிகளை நீக்குவது பற்றிப் பேச வந்தவர்களைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இளைஞர்கள் அதில் ஒரு பகுதியைப் பிடுங்கி விழுத்தினார்கள். நகரம் முழுக்கக் கண்ணீர்ப்புகை. சனிக்கிழமை தொழிற்சங்கங்களின் ஊர்வலம். எங்கள் சங்கமும் பஸ் பிடித்தது, நானும் போனேன். பால் பண்ணைக்காரர், ஆசிரியர், கன்னியாஸ்திரிகள், தலைமுடியைப் பச்சையாக்கிய பொடியன்கள் என்று எல்லோரும் நடந்தார்கள். அந்தக் கண்டத்துச் சந்தை கடைசிவரை வரவேயில்லை. மறித்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்ததில் பிழையில்லை.

ஆனால் எங்கள் வேலை அந்த வாசலால் போகவில்லை. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் துணிக்கு வைத்திருந்த கோட்டா முறையைப் பத்து வருடத்தில் படிப்படியாக நீக்குவது என்று உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் ஒன்று 1995இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. எவரும் அதற்கு ஊர்வலம் போகவில்லை. 2003இல் கனடா மிக வறிய நாடுகளின் ஆடைகளுக்குத் தீர்வையை எடுத்தது. 2005 ஜனவரி 1ஆம் திகதி கடைசிக் கோட்டாவும் முடிந்தது. அந்த வசந்தத்தில் எங்கள் மாடியும் முடிந்தது. மெஷின்களைக் கட்டிக் கீழே இறக்கியபோது, ஓவர்லொக் ஒன்றின் மேல் யாரோ ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படம் அப்படியே போனது. கடைசிச் சம்பளத்தோடு ஒரு கடிதம் தந்தார்கள். சட்டப்படி அது நல்ல பிரெஞ்சில் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து மகளின் பள்ளி நிறைவு விழாவுக்குச் சட்டை எடுக்கப் போனோம். மனைவி வழக்கம்போல உள்பக்கத்தைப் புரட்டித் தையலை விரலால் நீவிப் பார்த்தாள். கழுத்தடியில் லேபிள்: 'ஃபப்றிக்கே ஓ ஸ்றி லங்கா'. இலங்கையில் தயாரித்தது என்பதைக் கியூபெக் சட்டம் கேட்கிறபடி பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தையல் நல்லாத்தான் கிடக்கு" என்றாள். வாங்கினோம்.

அந்த லேபிளை நான் அடிக்கடி நினைக்கிறேன். அதன் மொழியைக் காக்க ஒரு சட்டம் இருந்தது. தைத்த கையைக் காக்க ஒன்றும் இருக்கவில்லை. கட்டுநாயக்காவில் 1978இலிருந்து சுதந்திர வர்த்தக வலயம் இருக்கிறது. சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் அங்கே அறைக்கு நாலைந்து பேராய்த் தங்கித் தைத்தார்கள். போர் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலை வந்தது. என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் அங்கே போகிறாள். "சம்பளம் காணாது சித்தி, ஆனா என்ர கையில என்ர காசு" என்று தொலைபேசியில் சொல்வாள். அதைக் கேட்ட பிறகு, அந்த வேலை எங்களுடையது, அதைத் திருப்பித் தா என்று சொல்ல என் மனைவிக்கு வாய் வராது. மொன்றியலில் ஒரு மெஷின் நின்றதால் வன்னியில் ஒரு மெஷின் ஓடுகிறது என்றால், நான் எந்தப் பக்கத்து வேலிக்காரன்?

*

அந்த வருடமே சீட்டுக் காசையும் கடனையும் சேர்த்து பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு மூலைக்கடை எடுத்தேன். கியூபெக்கில் அதற்கு 'டெப்பனேர்' என்று பெயர்; அவசரத்துக்கு உதவுகிறவன் என்ற பொருளில். கடைக்குப் பலகை எழுத வந்தவர் விதியைச் சொன்னார். 1993இல் சட்டத்தைத் தளர்த்தியிருந்தார்கள். வேறு மொழியும் எழுதலாம், ஆனால் பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி நிற்க வேண்டும். எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால் சரி. மூன்று மொழி எழுதினால் இடம் போதாது, எதை விடுவது என்று கேட்டார். ஆங்கிலத்தை விடச் சொன்னேன். மேலே பெரிதாகப் பிரெஞ்சு, கீழே அரைவாசி அளவில் தமிழ். உலகத்தையே ஆளும் மொழிக்கு என் கடை வாசலில் இடமில்லாமல் போய், 'மளிகை' என்ற சொல்லுக்கு இருந்தது. கொழும்பில் 83க்கு முன்பு தமிழ்ப் பலகை வைத்திருந்த ஒரு முதியவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, ஒன்றும் வாங்காமல் என்னைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடை எனக்குப் பாலைப் பற்றிக் கற்பித்தது. சீனி, பாண், சோடா எல்லாவற்றுக்கும் விலையை நான் போடலாம். பாலுக்கு முடியாது, அதன் மேல் எல்லையும் கீழ் எல்லையும் மாகாணத்தின் வேளாண் சந்தைச் சபை தீர்மானிக்கும். கனடாவில் பால் ஒரு வேலிக்குள் இருக்கிறது. எவ்வளவு பால் கறக்கலாம் என்பதற்குக் கோட்டா உண்டு. ஒரு பசுவின் பாலுக்கான கோட்டா கியூபெக்கில் ஏறத்தாழ 24,000 டொலர். அளவுக்கு மேல் வெளிநாட்டு வெண்ணெய் வந்தால் 298 சதவீதத் தீர்வை. நாட்டின் பால் பண்ணைகளில் ஏறத்தாழப் பாதி கியூபெக்கில் உள்ளன. வர்த்தக ஒப்பந்தங்களுக்காக அந்த வேலியைக் கொஞ்சம் தளர்த்தியபோது, பண்ணைக்காரருக்கு 175 கோடி டொலர் இழப்பீடு என்று 2019இல் நடுவண் அரசு அறிவித்தது. 2025 ஜூனில், இனிமேல் எந்த ஒப்பந்தத்திலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

பண்ணைக்காரர் மேல் எனக்குப் பொறாமை இல்லை. பக்கத்து நாட்டில் பால் விலை விழுந்து சின்னப் பண்ணைகள் அழிந்த கதையைக் கேட்டிருக்கிறேன். இங்கே கிராமங்கள் இன்னும் கிராமங்களாக இருக்கின்றன. தோட்டக்காரனின் மகனுக்கு அது விளங்கும். எனக்கு உறைத்தது வேறு. துணிக்கும் ஒருகாலத்தில் கோட்டா வேலி இருந்தது. பாலுக்கும் இருந்தது. ஒன்று விழுந்தது, ஒன்று நிற்கிறது. இது இயற்கையின் விதி அல்ல. பண்ணைக்காரர் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள், ஒவ்வொரு தொகுதியிலும் வாக்கு இருக்கிறது, இந்த மண்ணின் கதையில் அவர்களுக்கு ஓரிடம் இருக்கிறது. எங்கள் மாடியில் ஏழு மொழி இருந்தது. அரைவாசிப் பேருக்கு வாக்குரிமையில்லை. எங்களைப் பற்றி இங்கே ஒரு பாட்டும் இல்லை. ஆகவே பாலுக்கு 175 கோடி. எங்களுக்குச் சில மாத வேலையிழப்புக் காப்புறுதி.

*

என் மகள் 101ஆம் சட்டத்தின் பிள்ளை. அப்படியே ஒரு பெயர் இருக்கிறது, அந்தத் தலைமுறைக்கு. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். ரொறொன்ரோவில் கல்யாண வீட்டுக்குப் போனால் மச்சாள்மார் அவளைப் 'பிரெஞ்சுக்காரி' என்பார்கள். 540 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் அந்த நகரத்துக்கு எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் பெயர்ந்துவிட்டார்கள். அங்கே தமிழ்க் கடை, தமிழ் வானொலி, தமிழ் வைத்தியர், எல்லாம் உண்டு. பிள்ளைகள் தமக்குள் பேசுவது ஆங்கிலம் மட்டும். இங்கே எங்கள் பிள்ளைகள் மூன்று மொழிக்குள் ஓடித் திரிகிறார்கள். எந்த மொழியும் தானாக வென்றுவிடும் என்ற நம்பிக்கை இல்லாததால் தமிழும் நடுவில் எங்கேயோ தங்கியிருக்கிறது.

அவள் தாதியாக வேலை செய்கிறாள். மொழிச் சட்டத்தைப் பற்றி நான் முணுமுணுத்தால் சண்டைக்கு வருவாள். "அப்பா, அது உங்கட காலத்துக் கதை. எனக்கு ஒருத்தரும் பிரெஞ்சைத் திணிக்கேல்ல. அது என்ர." ஆனால் நோயாளி ஒருவர் 'நீ உண்மையாக எந்த நாடு' என்று மூன்றாம் முறை கேட்ட நாளில் வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தியவளும் அவள்தான்.

அண்மைக்காலமாக அவளும் சில கேள்விகள் கேட்கிறாள். 2019இல் வந்த 21ஆம் சட்டம் அரச பள்ளி ஆசிரியர்கள் மத அடையாளம் அணியக்கூடாது என்றது. அவளோடு படித்த தோழி தலையை மூடுபவள். பிரெஞ்சிலேயே பிறந்து வளர்ந்ததுபோலப் பேசுபவள். இன்று ஒன்ராறியோவில் படிப்பிக்கிறாள். 2022இல் வந்த 96ஆம் சட்டப்படி, புதிதாகக் குடிவருபவருக்கு ஆறு மாதம் கழிந்தால், சில விலக்குகள் தவிர, அரசு பிரெஞ்சில் மட்டும்தான் எழுதும், பேசும். ஆறு மாதத்தில் நான் இந்த நகரத்தின் பஸ் இலக்கங்களைத்தான் பாடமாக்கியிருந்தேன். 2017இல் சட்டசபை ஒருமனதாக, கடைக்காரர்கள் 'போன்ஜூர்–ஹாய்' என்று சொல்லாமல் 'போன்ஜூர்' மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டது. அதற்கு நான் சிரித்தேன். மற்ற இரண்டுக்கும் சிரிப்பு வரவில்லை. பெரிய வளவுக்காரனுக்கு எதிராகப் போட்ட வேலியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி, உள்ளே இருக்கும் சின்ன ஆட்களின் பக்கம் நட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பெரிய ஆளோ வேலிக்கு மேலால் வருகிறான். பிரெஞ்சு வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாட்டில் 65 சதவீதம் பிரெஞ்சாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. பேரன் வானொலியை அறியான். அவனுக்குப் பாட்டுக் கொடுப்பது அமெரிக்காவில் எழுதிய ஒரு நிரல். 2023இல் கனடா இணைய ஒளிபரப்புக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது; அந்த வேலி எவ்வளவு தாங்கும் என்பதை அவன்தான் பார்க்கப் போகிறான்.

2025 ஜனவரியில் அமேசன் நிறுவனம் கியூபெக்கில் தன் ஏழு களஞ்சியங்களையும் மூடப்போவதாக அறிவித்தது. 1,700 நிரந்தர வேலைகள். முந்திய வருடம்தான் லவாலில் ஒரு களஞ்சியத்துத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். கனடாவிலேயே அந்த நிறுவனத்தில் முதலாவது சங்கம். செலவைக் குறைக்க மூடுகிறோம் என்றது நிறுவனம். சங்கத்துக்குப் பயந்து மூடுகிறார்கள் என்றார்கள் தொழிலாளர்கள். எங்கள் வட்டாரத்தில் பஞ்சாபிப் பொடியன்கள், வங்காளப் பொடியன்கள், எங்கள் பொடியன்கள் பலர் களஞ்சிய வேலைக்குத்தான் போகிறார்கள். ஷபனேலில் நாங்கள் நின்ற அதே இடம். மெஷினுக்குப் பதிலாகப் பெட்டி.

சில மாதங்களுக்குப் பிறகு வட்டார மண்டபத்தில் ஒரு கூட்டம். ஒரு கட்சியின் ஆள் வந்திருந்தார். அடுத்த வருடம் மாகாணத் தேர்தல். 'வணக்கம்' என்று தொடங்கினார், கைதட்டினோம். மொழியைக் காப்போம், பண்ணைகளைக் காப்போம், வெளியிலிருந்து வரும் பூதங்களுக்குப் பணியமாட்டோம் என்று பேசினார். எனக்கு அதில் முக்கால்வாசிக்கு உடன்பாடுதான். கேள்வி நேரத்தில் எழும்பினேன். முப்பத்தேழு வருடத்தில் சேர்த்த பிரெஞ்சையெல்லாம் கூட்டி, பாலைக் காத்தீர்கள், மொழியைக் காத்தீர்கள், சந்தோசம். துணி தைத்தவர்களுக்கும் பெட்டி தூக்குகிறவர்களுக்கும் எப்போது வேலி போடுவீர்கள், அதை எங்கே போடுவது என்று பேசும்போது எங்களையும் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன்.

அவர் மனம் நெகிழ்ந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்து, இவருடைய பிரெஞ்சு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள், இதுதான் எங்கள் சட்டத்தின் வெற்றி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த மகளும் தட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

நான் உட்காரவில்லை. நன்றி சொன்னேன். கேள்வியை இன்னொருமுறை, இன்னும் மெதுவாகக் கேட்டேன்.